நிரலில் குறும்பெயர்கள்

நிரல் எழுதும் வேலையில் பெரும்பகுதி பெயர் வைப்பதிலேயே கழிகிறது. மாறிக்கு ஒரு பெயர், செயற்கூறுக்கு ஒரு பெயர், அட்டவணையின் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பெயர், கோப்புக்கு ஒரு பெயர். ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு குட்டிச் சொல்தொகை திரண்டிருக்கிறது: கெட், செட், புட், ஆட், கீ, ரோ, சம், மேக்ஸ், மின், லென். இவற்றில் சில அம்மொழியின் பழைய ஓரசைச் சொற்கள். மற்றவை வெட்டிச் சுருக்கியவை. அந்த வெட்டுக்கு இயந்திரமும் ஒரு காரணம். 1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போக முடியாது. சி மொழியின் 1989 தரம்கூட, கோப்பு எல்லையைத் தாண்டிப் பயன்படும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துக்கு மட்டுமே உறுதி அளித்தது. அந்த நெருக்கடி தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியும் பழக்கம் போகவில்லை. போக வேண்டியதும் இல்லை: ஒரு சூத்திரம் ஒரே வரியில் அடங்கினால் கண் அதை ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும்.

பிறமொழிக்காரர்கள் இந்தக் குட்டிச் சொற்களுக்குத் தம் மொழியில் நிகர் தேடும்போது என்ன நடக்கும் என்பதற்குப் பிரெஞ்சு நல்ல சாட்சி. ‘கெட்’ என்ற மூன்றெழுத்தை அகராதி பார்த்து மாற்றினால் ‘ஒப்தெனீர்’ என்ற ஏழெழுத்துச் சொல் வரும். பிரெஞ்சுக்காரர்கள் செயற்கூறுகளுக்கு வினையின் மூல வடிவையே பெரும்பாலும் பெயராக வைப்பதால், ஈற்றில் வரும் விகுதியும் சேர்ந்து நீளம் இன்னும் கூடும். சாவியைக் குறிக்கும் ‘க்லே’ குட்டிச் சொல்தான், ஆனால் அதன் கடைசி எழுத்தின் மேல் ஓர் ஒலிக்குறி உண்டு. பழைய கணினிகள் அதை ஏற்காததால் குறியைக் கைவிட்டு எழுதும் வழக்கம் வந்தது. 1970களில் பிரெஞ்சுப் பள்ளிகளுக்காக உருவான எல்.எஸ்.இ. என்ற மொழி வேறு வழியில் போனது. அதன் கட்டளைச் சொற்கள் ‘லீர்’, ‘அஃபிஷே’, ‘சி’ போன்றவை: படி, காட்டு, எனில். ஆங்கிலச் சொல்லுக்கு நேர் எது என்று தேடாமல், வகுப்பறையில் ஆசிரியர் எப்படிச் சொல்வார் என்று பார்த்து எடுத்த சொற்களாகவே அவை தெரிகின்றன.

தமிழில் இந்த முயற்சிக்கு முன்னோடி எழில். முத்தையா அண்ணாமலை 2007 வாக்கில் தொடங்கிய இந்த நிரல்மொழி பின்னர் திறமூலமாக வெளிவந்தது. பதிப்பி, ஆனால், இல்லை, முடி, நிரல்பாகம், பின்கொடு ஆகியவை அதன் கட்டளைச் சொற்கள். ஆங்கில மொழிகளில் ‘இஃப்’ முதலில் வந்து நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், ‘ஆனால்’ கடைசியில். தமிழ் வாக்கியம் இயல்பாக நடக்கும் வரிசை அது. ஆயினும் எழிலைக் கற்காமலேயே தமிழில் பெயர் வைக்கலாம். 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.0 முதல், கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாகவே இருக்க, நிரலர் தரும் பெயர்கள் தமிழ் எழுத்தில் இருக்கலாம். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் இதற்கு இடம் தருகின்றன. இந்த அத்தியாயத்தின் எடுத்துக்காட்டுகள் இரண்டு வேலைகளைச் சுற்றி வரும்: திருநெல்வேலி டவுண் ரத வீதியில் ஓர் அல்வாக்கடைக்கான கணக்கு நிரல், தாமிரபரணியின் அணைகளையும் அணைக்கட்டுகளையும் பற்றிய நீர்ப்பதிவு நிரல்.

ஏவல் வினைகள்

செயற்கூறு என்பது கணினிக்கு இடும் கட்டளை. தமிழில் முன்னிலை ஒருமை ஏவலுக்கு விகுதி தேவையில்லை, வினையடியே ஏவல். எடு, இடு, விடு, திற, மூடு, படி, சேர், நீக்கு, தேடு, அனுப்பு. பிரெஞ்சுக்கு இருக்கும் விகுதித் தொல்லை இங்கே கிடையாது. ஓரெழுத்து ஒருமொழிகள் என்று நன்னூல் கணக்கிடும் 42இல் பாதிக்கு மேல் இன்று வழக்கொழிந்தவை. எஞ்சியவற்றில் தா, வை, வா, போ ஆகியவை நிரலுக்கு நேராகப் பயன்படும். ‘கெட்’டும் ‘செட்’டும் வரும் இடங்களில் தா, வை என்று எழுதினால் போதும்:

இருப்பு_தா
விலை_வை
மட்டம்_தா

‘பெறு’, ‘அமை’ என்று கலைச்சொல் பட்டியல்கள் தரும் நிகர்கள் தவறில்லை. ஆனால் ‘இருப்பைத் தா’ என்று கடையில் எவரும் சொல்வார்; ‘இருப்பைப் பெறு’ என்று கடைக்காரர் எவரும் சொல்வதில்லை. மேலும், இருப்பைக் கேட்பது நிரலர், தருவது செயற்கூறு. ‘பெறு’ என்ற சொல்லில் யார் பெறுவது என்ற குழப்பம் இருக்கிறது, ‘தா’வில் இல்லை.

கணினிக்கு இடும் ஏவல் ஒருமையிலேயே இருக்கட்டும். ‘எடுக்கவும்’, ‘சேர்க்கவும்’ என்று மரியாதை சேர்ப்பதால் பெயர் நீள்வதைத் தவிர வேறு பயன் இல்லை. திரையில் வாடிக்கையாளருக்குக் காட்டும் செய்திகளுக்கு இது பொருந்தாது. ‘தொகையைச் செலுத்து’ என்று திரை சொன்னால் வாங்க வந்தவர் முகம் சுளிப்பார். நிரலின் உள்ளே ‘செலுத்து’, திரையில் ‘செலுத்துங்கள்’ என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

பேரேட்டில் இருக்கும் சொற்கள்

பொருள்களின் பெயர்களுக்கு வரும்போது மொழிபெயர்ப்பு பெரும்பாலும் காலை வாரும். ஆங்கில ‘பேலன்ஸ்’ என்பதற்குச் ‘சமநிலை’, ‘மீதித்தொகை’ என்று போகலாம். ஆனால் தமிழ்க் கடைக்கணக்கில் அதற்கு ‘இருப்பு’ என்று ஒரு சொல் நெடுங்காலமாகவே உண்டு. பற்று, வரவு, செலவு, பாக்கி, ரொக்கம், கழிவு, வட்டி, முதல், சரக்கு, எடை, விலை: எல்லாம் இரண்டு முதல் நான்கு எழுத்து. கணக்குப்பிள்ளைகள் நாள் முழுதும் எழுதித் தேய்த்துச் சுருக்கிய சொற்கள் இவை. ஒரு நிரலர் உட்கார்ந்து யோசித்தால் இவற்றைவிடச் சிறியதும் தெளிவானதும் கிடைப்பது அரிது. அல்வாக்கடையின் நாள்கணக்கு இப்படி அமையும்:

இருப்பு = முன்_இருப்பு + வரவு - செலவு
பாக்கி = விலை * எடை - ரொக்கம்

நிரல் அறியாத கடை முதலாளிகூட இந்த இரண்டு வரியைப் படித்துச் சரியா தவறா என்று சொல்லிவிடுவார். தமிழ்ப் பெயர் வைப்பதன் பெரிய ஆதாயம் இங்கேதான் இருக்கிறது.

நீர்ப்பதிவு நிரலிலும் இதே முறை. பாபநாசம் அணையின் உச்ச மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பதை நெல்லைக்காரர்கள் செய்தித்தாளில் படித்தே மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அந்த அன்றாடச் செய்தியின் சொற்களே நிரலுக்கும் போதும்: மட்டம், வரத்து, வெளியேற்றம், இருப்பு, அடி, கனஅடி. ‘இன்ஃப்ளோ’ என்பதற்கு ‘உட்பாய்வு’ என்று புதுச்சொல் ஆக்க வேண்டாம், ‘வரத்து’ இருக்கிறது. பருவத்தைக் குறிக்க ‘முதல்_பருவம்’, ‘இரண்டாம்_பருவம்’ என்று வைப்பதைவிடக் கார், பிசானம் என்று வைப்பது மேல். தாமிரபரணிப் பாசனத்தில் எந்தப் பருவத்துக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்று அந்த ஒற்றைச் சொல்லே சொல்லிவிடும்.

ஆகவே குறும்பெயர் தேடுகிறவர் முதலில் புரட்ட வேண்டியது அந்தத் தொழிலின் பதிவேடு, ரசீதுப் புத்தகம், அறிவிப்புப் பலகை. ஆங்கிலம்-தமிழ் அகராதியைத் தொடுவது கடைசியில்.

ஒரு சொல், பல பொருள்

குறுஞ்சொல்லுக்குப் பல பொருள் இருப்பது எல்லா மொழிக்கும் பொது. தமிழில் இந்த இடர்ப்பாடு கொஞ்சம் கூடுதல். ‘ஆறு’ ஓர் எண், ஒரு நீர்ப்பெருக்கு, ‘சூடு ஆறு’ என்பதில் ஒரு வினை. நீர்ப்பதிவு நிரலில் ஆறு = 6 என்று எவரும் எழுதப் போவதில்லை என்றாலும், ஆறு என்ற மாறியில் ஆற்றின் பெயர் இருக்கிறதா, நீளம் இருக்கிறதா என்பது அடுத்தவருக்குத் தெரியாது. ‘கால்’ இன்னும் சிக்கல். கடை நிரலில் கால் என்றால் 0.25, அதாவது கால் கிலோ. நீர்ப்பதிவு நிரலில் கால் என்றால் வாய்க்கால்: அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால், பழவூரிலிருந்து பாளையங்கால், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால். ‘படி’ வாசி என்ற ஏவல், ஓர் அளவை, ஒரு நகல், மாடிப்படி. ‘எண்’ ஒரு பெயர், எண்ணிப் பார் என்ற ஏவலும்கூட. ‘இடம்’ வலத்துக்கு எதிர், ஓர் இருப்பிடமும்கூட. ‘கடை’ என்பதைக் ‘கடைசி’க்குச் சுருக்கமாக வைத்தால் அல்வாக்கடை நிரலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்குத் தீர்வு நீண்ட பெயருக்குப் போவதல்ல. ஒரு நிரலுக்குள் ஒரு சொல் ஒரே பொருளில் வர வேண்டும் என்று முடிவு செய்து, அந்தப் பொருளை நிரலின் தலைப்பகுதியில் ஒரு வரியில் குறித்துவிட்டால் போதும். பெயர்ச்சொல்லும் ஏவலும் ஒன்றாக இருக்கும் சொற்களில், ஏவலுக்கு வேறு வடிவம் கொடுக்கலாம்: எண்ணைப் பெயருக்கு வைத்துக்கொண்டு ஏவலுக்கு ‘எண்ணு’, படி அளவைக்கு என்றால் ஏவலுக்கு ‘வாசி’.

சுருக்குவது எப்படி

ஆங்கிலத்தில் உயிரெழுத்துகளை உதிர்த்து மெய்களை மட்டும் நிறுத்திச் சொல்லைச் சுருக்குவார்கள். தமிழில் உயிரும் மெய்யும் ஓரெழுத்தாகக் கலந்து நிற்பதால் அந்த வழி அடைபட்டது. ‘மொத்தம்’ என்பதிலிருந்து உயிர்களை உருவினால் எஞ்சுவதை எவராலும் வாசிக்க முடியாது. தமிழின் மரபு தலையெழுத்தைப் பிடிப்பது: ரூ., கி.மீ., த/பெ, வ.உ.சி. புள்ளி பெயருக்குள் வர முடியாததால் நிரலில் இது ‘கிமீ’ என்று ஆகும். அளவைக் குறிக்கும் பின்னொட்டாக இது நன்றாக உதவும்: தூரம்_கிமீ, எடை_கி.

தலையெழுத்தில் நிறுத்துவது எப்போதும் நல்லதல்ல. வேறொரு முழுச்சொல்லாக மாறும் இடத்தில் வெட்டக் கூடாது. சேர்வலாற்றைச் ‘சேர்’ என்று சுருக்கினால் அது கூட்டும் ஏவலாகிவிடும். மணிமுத்தாற்றை ‘மணி’ என்றால் நேரமாகிவிடும். ஊர்ப்பெயர்களுக்கு மக்களே செய்து வைத்திருக்கும் சுருக்கம் பாதுகாப்பானது. நெல்லை, பாளை, டவுண், ஜங்ஷன், பேட்டை என்று பேருந்து நடத்துநர் கூவும் பெயர்களைக் கிளைக்கடைகளுக்கு அப்படியே வைக்கலாம். ‘டவுண்’, ‘டவுன்’ என்று இரண்டு எழுத்துக்கூட்டலும் வழக்கில் இருப்பதால் ஒன்றைத் தேர்ந்து அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

பழைய கணக்கர்கள் இந்தச் சுருக்கத்தை உச்சத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺ என்று ஒவ்வொன்றுக்கும் ஒற்றைக் குறி. யூனிகோடு இவை எட்டையும் 2003இல் சேர்த்துக்கொண்டது. ஆனால் எழுத்து என்ற வகையில் சேர்க்காமல் குறியீடு என்ற வகையில் வைத்தது; அதனால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகள் இவற்றை மாறிப்பெயராக ஏற்பதில்லை. ரசீதின் தலைப்பிலும் அச்சிடும் அறிக்கையிலும் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சுழற்சியின் எண்ணிக்கையாக ஆங்கில நிரல்களில் வரும் ஐ, ஜே, கே எழுத்துகள் கணித வழக்கிலிருந்தும் ஃபோர்ட்ரானிலிருந்தும் வந்தவை. அம்மொழியில் ஐ முதல் என் வரையான எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழு எண்ணாகக் கொள்ளப்பட்டது. தமிழில் சுட்டெழுத்துகள் இதற்குத் தோது: கையில் இருக்கும் உறுப்புக்கு இ, அதோடு ஒப்பிடும் மற்றதற்கு அ. ‘இது’, ‘அது’ என்ற பொருள் அந்த எழுத்திலேயே இருப்பதால் வாசிப்பவர் தடுமாற மாட்டார். நான்கைந்து வரிக்குள் பிறந்து மறையும் மாறிகளுக்கு மட்டுமே இந்த ஓரெழுத்துப் பெயர்கள் உரியவை. நிரல் முழுதும் உலவும் மாறிக்கு முழுச்சொல் வேண்டும்.

சொற்கள் சேரும் இடம்

ஆங்கிலத்தில் இரண்டு சொற்களை ஒட்டும்போது இரண்டாவதன் முதலெழுத்தைப் பெரிதாக்குவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. வெறுமனே ஒட்டினால் புணர்ச்சி குறுக்கே வரும். கணக்கு, எண் இரண்டும் சேர்ந்தால் கணக்கெண். இலக்கணப்படி சரி, ஆனால் தொகுப்பியில் ‘எண்’ என்று தேடினால் இந்தப் பெயர் அகப்படாது, ஏனென்றால் எகரம் கொம்பாக மாறி ககரத்தோடு போய்விட்டது. பெயர் மாற்றும் வேலையிலும் இதே தடை. அடிக்கோடு இட்டுக் கணக்கு_எண் என்று பிரித்து எழுதினால் இரண்டு சொல்லும் தம் வடிவில் நிற்கும். அடிக்கோடு இருந்தால் ஒற்றும் இட வேண்டாம்: அணை_பெயர் போதும், அணைப்_பெயர் வேண்டாம். ஒருவர் ஒற்றிட்டும் இன்னொருவர் ஒற்றில்லாமலும் எழுதினால் கணினிக்கு அவை இரண்டு வேறு மாறிகள். இந்த ஒரு விதியைக் குழுவில் எல்லாரும் கைக்கொண்டாலே பாதிப் பிழை குறையும்.

ஆங்கிலத்தின் டு, பை, இன், ஆஃப் போன்ற குட்டி இடைச்சொற்கள் தமிழில் வேற்றுமை உருபுகளாகச் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். கன அடியைக் கன மீட்டராக மாற்றும் செயற்கூறுக்குக் ‘கனஅடி_க்கு_கனமீட்டர்’ என்று உருபைத் தனியே நிறுத்துவது பார்க்கவே சகிக்காது. ‘கனமீட்டராக’ என்று மட்டும் வைத்தால் போதும்:

கனமீட்டராக(வரத்து)

பன்மைக்குக் ‘கள்’ உண்டு. அணைகள் பட்டியல், அணை அதில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் சுழற்சி வரி தானாகவே வாசகமாகிவிடும்.

நீளத்தின் இரண்டு கணக்கு

தமிழர் கண்ணுக்கு ‘வரி’ இரண்டெழுத்து. யூனிகோடில் அது மூன்று குறியெண்: வகரம், ரகரம், இகரக் குறி. யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட் பிடிப்பதால் ஒன்பது பைட். ‘இருப்பு’ கண்ணுக்கு நான்கெழுத்து, ஏழு குறியெண், 21 பைட். பைத்தானின் நீளம் அளக்கும் செயற்கூறு குறியெண்ணைத்தான் எண்ணும். எழுத்துக் கணக்கு வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் போன்ற நூலகத்தை நாட வேண்டும்.

மாறிகளுக்கு இது பெரிய பொருட்டல்ல. தரவுத்தளத்தில் பொருட்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அட்டவணை, பத்தி ஆகியவற்றின் பெயர் 63 பைட்டுக்கு மேல் போகாது, மிகுந்தது வெட்டப்படும். ஆங்கிலத்தில் அது 63 எழுத்து, தமிழில் 21 குறியெண். கோடைமேலழகியான் அணைக்கட்டின் பெயர் மட்டுமே 14 குறியெண், 42 பைட். அதோடு ஓர் அடிக்கோட்டையும் ‘நீர்வரத்து’ என்பதையும் சேர்த்தால் 73 பைட். ‘நீர்வரி’ என்பதைச் சேர்த்தால் 64 பைட். இரண்டையும் தரவுத்தளம் ‘கோடைமேலழகியான்_நீர்வர’ என்றே வெட்டும். ஒரே அட்டவணையில் இரண்டையும் பத்தியாக வைக்கப் பார்த்தால், ஒரே பெயர் இருமுறை வந்திருக்கிறது என்று மறுத்துவிடும். ஆரக்கிளின் பழைய பதிப்புகளில் எல்லை 30 பைட். தமிழில் பத்தே குறியெண். தமிழில் குறும்பெயர் அழகுக்காக மட்டும் வேண்டுவதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தட்டச்சும் குறுமையையே கேட்கிறது. 1999இல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் சதுர அடைப்புக்குறிகள் இருக்கும் இடத்தில் சகரமும் ஞகரமும், அரைப்புள்ளி இடத்தில் நகரம், மேற்கோள் இடத்தில் யகரம், சாய்கோட்டின் இடத்தில் ழகரம் இருக்கின்றன. நிரலில் அதிகம் வரும் குறிகள் இவைதாம். ஒவ்வொரு வரியிலும் பலமுறை மொழி மாற்றித் தட்ட வேண்டியிருக்கும்; பெயரின் முதல் இரண்டெழுத்தைத் தட்டியதும் மீதியைத் தானாக நிரப்பித் தரும் தொகுப்பி இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது வீண் சிரமம்.

கண்ணை ஏமாற்றும் இரட்டைகள்

தோற்றத்தில் ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள் தமிழில் குறைவில்லை. ‘கொ’ என்பதில் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாகவும் இருக்கலாம். பைத்தான் பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படிச் செய்யாது. பைத்தானிலும் இந்தச் சீராக்கம் மாறிப்பெயர்களுக்கு மட்டுமே. மேற்கோளுக்குள் இருக்கும் சரங்கள் தட்டியபடியே இருக்கும்.

ஔகாரம் இதைவிட மோசம். கௌரி என்பதைக் ‘கெளரி’ என்று ளகரம் போட்டுத் தட்டும் பழக்கம் பரவலாக உண்டு. எந்தச் சீராக்கமும் இதைத் திருத்தாது. ஸ்ரீவைகுண்டத்தின் முதலெழுத்து ஸகரத்தை வைத்தும் வரலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் வரலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவில் காட்டும். ஒரு கோப்பில் ஒரு வகையும் இன்னொன்றில் மற்ற வகையும் இருந்தால் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பட்டியலில் இரண்டு முறை வரும். தமிழ் இலக்கங்களில் ௧ ககரம் போலவும், ௨ உகரம் போலவும், ௭ எகரம் போலவும், ௮ அகரம் போலவும் இருக்கும். பெயரின் நடுவிலோ ஈற்றிலோ இவற்றை மொழி அனுமதித்தாலும் நிரலர் அனுமதிக்கக் கூடாது. ‘௧௨’ என்ற சரத்தைப் பைத்தான் 12 என்ற எண்ணாக மாற்றித் தரும் என்பது வேறு செய்தி. நிரலுக்குள் எண்ணாக நேரே எழுதினால் அது ஏற்காது.

தமிழ் எழுத்துக்கு இடமில்லாத இடங்கள்

கோ மொழி பெயருக்குள் எழுத்து, இலக்கம், அடிக்கோடு ஆகிய மூன்றை மட்டுமே ஏற்கும். யூனிகோடு வகைப்பாட்டில் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்துகள் அல்ல, ஒட்டுக்குறிகள். விளைவு: அ, இ, பல, நட போன்றவை செல்லும், வரி, விலை, இருப்பு எதுவும் செல்லாது. செல்லும் சொற்களும் தொகுப்புக்கு வெளியே தெரியாது, ஏனென்றால் வெளியே தெரிய முதலெழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். ரூபி மொழியில் மாறிகள் தமிழில் இருக்கலாம். வகுப்புப் பெயரும் மாறிலியும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதால் தமிழில் தொடங்க முடியாது.

இத்தகைய இடங்களில் தமிழ்ச்சொல்லை ரோமன் எழுத்தில் எழுத நேரும். அப்போது அரையும் அறையும் ஒன்றாகிவிடும். குளமும் குலமும், வலியும் வளியும் அப்படியே. ஒலிக்குறி இட்டு எழுதும் அறிஞர் முறையில் இந்தக் குழப்பம் இல்லை, ஆனால் அந்தக் குறிகள் வெற்று ரோமன் எழுத்தில் கிடையாது. ளகரத்துக்கும் ணகரத்துக்கும் றகரத்துக்கும் பெரிய எழுத்தைப் பயன்படுத்தும் தட்டச்சு வழக்கம் ஒன்று உண்டு. தரவுத்தளப் பெயர்களுக்கு அது ஆகாது. போஸ்ட்கிரெஸ் மேற்கோள் இல்லாத பெயர்களையெல்லாம் சிறிய எழுத்தாக்கிவிடும். விண்டோஸ் கோப்புப் பெயர்களில் பெரிதும் சிறிதும் ஒன்றே. ஆகவே ரோமனில் எழுதுகிறவர்கள் ஒலிவேறுபாட்டைப் பெரிய எழுத்தில் வைக்காமல், மோதும் சொற்களில் ஒன்றை மாற்றுச்சொல்லால் பெயர்ப்பதே வழி: அறையைக் ‘கூடம்’ ஆக்கிவிட்டால் அரைக்குத் தொல்லை இல்லை.

ஊர்ப்பெயர்களில் இந்தக் குழப்பத்துக்கு அளவே இல்லை. தாமிரபரணிக்கே ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல் உலவுகிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றிப் பட்டியல் வெளியிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அந்தச் சில நாட்களில் ஊர்ப்பெயரை அடையாளச் சாவியாக வைத்திருந்த எந்தத் தரவுத்தளத்தையும் அது அசைத்துப் பார்த்திருக்கும். ஊர்ப்பெயர் ஒரு பத்தியில் தரவாக இருக்கலாம், சாவியாக இருக்கக் கூடாது. தாமிரபரணியின் அணைக்கட்டுகளுக்கு இது எளிது. ஆற்றின் போக்கில் மேலிருந்து கீழாகக் கோடைமேலழகியானுக்கு 1, நதியுண்ணிக்கு 2, கன்னடியனுக்கு 3, அரியநாயகிபுரத்துக்கு 4, பழவூருக்கு 5, சுத்தமல்லிக்கு 6, மருதூருக்கு 7, ஸ்ரீவைகுண்டத்துக்கு 8 என்று எண் கொடுத்து, முழுப்பெயரைத் தமிழில் ஒரே ஓர் அட்டவணையில் ஒருமுறை மட்டும் எழுதிவைத்தால், நிரலின் மற்ற இடங்களில் கட்டு_எண் என்ற ஒரு குறும்பெயரே போதும்.